பெர்மிட் கணக்கில் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ ஏஜென்ட் ஆபீஸில் போய் உட்கார்ந்தால் முதலில் செல்போனைத் திருப்பிக் காட்டுவார்கள். "பாருங்க தம்பி, போலந்துல மட்டும் எத்தனை லட்சம் பெர்மிட் குடுத்திருக்கான்னு." பெர்மிட் என்றால் வெளிநாட்டவர் அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, கார்டாகக் கையில் கிடைப்பது. அந்த நம்பர் பொய்யாக இருக்காது. ஆனால் டெல்டா பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், அது எதை எண்ணிய நம்பர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது தெரிகிறது. போலந்து பல வருஷம் ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலிடத்தில் இருந்தது வாஸ்தவம்தான். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பக்கத்து உக்ரைன்காரர்கள்.

சரி, யார் எண்ணுகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் யாரையும் நேரில் எண்ணுவதில்லை. கார்டு கொடுக்கிற துறை எதுவோ, அந்தந்த நாட்டில் அது தன் பதிவேட்டிலிருந்து எடுத்து அனுப்பும். 2007-இல் போட்ட சட்டம் அப்படி. குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகும் அனுமதிதான் சேரும். எதற்காக வந்தார் என்ற காரணத்துக்கு நாலு கட்டம்: குடும்பம், படிப்பு, வேலை, மற்றவை. ஒரு அனுமதிக்கு ஒரு கட்டம்தான். கும்பகோணத்திலிருந்து கணவரோடு சேர வந்த பெண் இங்கே முழுநேர வேலை பார்த்தாலும் குடும்பக் கட்டத்தில்தான் இருப்பார். மாஸ்டர்ஸ் படிக்க வந்து வேலைக்கு மாறியவர் 'முதல் பெர்மிட்' கணக்கில் மறுபடி வரமாட்டார். வந்த காரணத்தை மாற்றியவர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. ஆனால் கார்டு முடிந்து ஊருக்குப் போய், தங்கச்சி கல்யாணம், வீடு கட்டுற வேலை என்று இருந்துவிட்டு, 6 மாதமோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தபின் புதுக் கார்டு வாங்கினால் அவர் புது வரவு. ஆள் ஒன்று, கணக்கில் இரண்டு. டிசம்பர் 31 அன்று செல்லுபடியாகும் கார்டுகள் எத்தனை என்பது இன்னொரு நம்பர், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மனியில் இதெல்லாம் வெளிநாட்டவர் மையப் பதிவேட்டிலிருந்து வருகிறது. உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள், சட்டப் பிரிவு எண் இருக்கும். 16பி என்றால் படிப்பு, 18பி என்றால் பட்டதாரி வேலை. பதிவேட்டில் ஏறுவதும் அதுதான், அதனால் எண் தப்பாக இருந்தால் கார்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், முகவரி பதிவு. வந்ததும் எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள், ஒரேயடியாக ஊர் திரும்பும்போது பதிவை ரத்து செய்யத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆள் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகும் பெயர் இங்கேயே குடியிருக்கும். 2011 சென்சஸில் ஏட்டில் இருந்ததைவிடச் சுமார் 11 லட்சம் வெளிநாட்டவர் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர் எத்தனை பேர் என்று மட்டும் தேடாதீர்கள். பாஸ்போர்ட்டைத்தான் எண்ணுகிறார்கள்: யாழ்ப்பாணத்தார் இலங்கை, நாம் இந்தியா, ஜெர்மன் குடியுரிமை வாங்கிய அண்ணன் எதிலும் இல்லை.

நம் ஊர்க் கணக்கு இன்னும் ஓட்டை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதியும் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தொழிலாளர் என்று முக்கியமாக ஏறுவது, பத்தாவது தேறாமல் இசிஆர் (வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் வளைகுடா, மலேசியா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு அனுமதி வாங்கிப் போகிறவர்கள். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஆக, கூத்தாநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போனவரும், டிப்ளமோ முடித்துக் குவைத் போனவரும் அந்த அனுமதிக் கணக்கில் வரவே மாட்டார்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சோ பாஸ் (அங்கே வேலை செய்யும் அனுமதி) வகைப்படி எண்ணிச் சொல்கிறது.

ஊரில் தம்பி யாராவது அடுத்துக் கிளம்புவதாக இருந்தால், ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் யூரோஸ்டாட் தளத்தைத் திறந்து நாடு, வருஷம், காரணம், குடியுரிமை நாலையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், காசு கிடையாது. இந்தியர், வேலை, 12 மாதமும் அதற்கு மேலும் என்று பிரித்து, வருகிற எண்ணை ஏஜென்ட் காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.