முதலில் சாரி, அப்புறம் ஜோக்: ஹாஸ்டல் அறையில் கலாய்ப்பதும் மன்னிப்பதும்

மூன்று கட்டில், ஒரு ஃபேன், சண்டை போட்டுப் பிடிக்க வேண்டிய ஒரே பிளக் பாயின்ட். தமிழ்நாட்டுக் கல்லூரி ஹாஸ்டல் அறையில் நாலு வருடம் யாரும் யாரோடும் உரசாமல் இருக்க முடியாது. அந்த உரசலுக்கு எண்ணெய் விடுவது கலாய்ப்புதான். பாதிச் சண்டைக்குக் காரணமும் அதே கலாய்ப்புதான். மெஸ் வரிசையில் ஒருவரின் இங்கிலீஷ் உச்சரிப்பை இன்னொருவர் நடித்துக் காட்டுவார், பத்துப் பேர் சிரிப்பார்கள், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். இரண்டு நாள் கழித்து, "விளையாட்டுக்குச் சொன்னேன்டா, இதுக்குப் போயி..." என்று கலாய்த்தவர் இன்னொரு ஜோக்கோடு வந்து நிற்பார். காரியம் கெடுவது அங்கேதான். மன்னிப்புக்கு முன்னால் வரும் ஜோக், மன்னிப்புக் கேட்காமல் நழுவும் வழியாகவே எதிராளிக்குப் படும். அதே ஜோக் மன்னிப்புக்குப் பிறகு வந்தால் உறவு தேறிவிட்டதன் அடையாளம்.

ஒரு வாரம் கணக்கு எடுங்கள்

உங்கள் கலாய்ப்பு எந்த ரகம் என்று முதலில் தெரிய வேண்டும். கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவர் குழுவினரும் 2003இல் இதற்காக ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். மொத்தம் 32 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அவர்கள் பிரித்த நாலு பாணிகளை ஹாஸ்டல் பாஷையில் இப்படிச் சொல்லலாம்: கூட்டத்தைக் கலகலப்பாக்கும் மொக்கை, தன் கஷ்டத்தைத் தள்ளி நின்று பார்த்துச் சிரிப்பது, அடுத்தவரை ஓட்டுவது, மற்றவர் சிரிக்கட்டும் என்று தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. ஆய்வுகளில் முதல் இரண்டும், அதிலும் குறிப்பாக இரண்டாவது, நல்ல மனநலத்தோடு சேர்ந்து வருகின்றன. மூன்றாவது பகைமையோடும், நாலாவது மனச்சோர்வு, பதற்றத்தோடும் சேர்ந்து வருகின்றன. எது எதற்குக் காரணம் என்பது வேறு கேள்வி. ஏற்கெனவே சோர்ந்திருப்பவர்தான் தன்னை அதிகம் மட்டம் தட்டிக்கொள்கிறாரோ என்னவோ.

தினமும் படுக்கும் முன் 5 நிமிடம் ஒதுக்குங்கள். அன்று நீங்கள் அடித்த ஜோக்கில் 3 மட்டும் போன் நோட்ஸில் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று விஷயம்: யாரைப் பற்றியது, அவர் அங்கே இருந்தாரா, இருந்தால் சிரித்தாரா. அவர் சிரித்தது போதாது. திரும்பி உங்களை ஒரு வார்த்தை ஓட்டினாரா என்று பாருங்கள். கலாய்ப்பு சமமானவர்களுக்குள் நடந்தால் பந்து திரும்பி வரும். ஒரே ஆள் எப்போதும் சிரித்துவிட்டு மட்டும் நகர்ந்தால், அவர் சிரிப்பது தப்பிக்கத்தான்.

7 நாளில் 21 ஜோக் சேரும். அதில் ஒரே பெயர் 5 தடவைக்கு மேல் வந்தால் அந்த ஆளை ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அதிகம் வருவது உங்கள் பெயரே என்றால் அதையும் கவனிக்க வேண்டும். "அரியர் மன்னன்டா நான், நமக்கெல்லாம் டிகிரி கிடைச்ச மாதிரிதான்" என்று அடுத்தவர் சொல்லும் முன் நீங்களே சொல்லிக்கொள்வது கவசம் மாதிரி தெரியும். ஆனால் நாலு தடவை சொன்னால் குரூப்பே அதை உங்கள் பெயராக்கிவிடும். அரியரைப் பற்றிப் பேசவே கூடாது என்பதில்லை. கேலி உங்கள் மேல் விழாமல் நிலைமையின் மேல் விழும்படி திருப்புங்கள்: "அஞ்சு பேப்பர் விட்டுட்டுப் போயிடுச்சு, ஆறாவது மட்டும் பிரிய மாட்டேங்குது, நவம்பர்ல மறுபடி பார்க்கலாம்னு சொல்லியிருக்கு." விஷயம் அதேதான், ஆனால் இதில் நீங்கள் தோற்ற ஆள் இல்லை.

தொடவே கூடாத பட்டியலும் உண்டு. சாதி, ஊரில் எந்தத் தெரு என்ற விசாரிப்பு, தோல் நிறம், உடம்பு, திக்குவாய், அப்பாவின் வேலை, முதல் பட்டதாரிச் சலுகை, ஸ்காலர்ஷிப், தமிழ் மீடியம். இவற்றில் எதிராளி திருப்பி ஓட்ட வழியே கிடையாது. எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் வேண்டாம். நாலு சுவருக்குள் அவர் பொறுத்துக்கொண்டதை வெளியே இன்னொருவர் எடுத்துச் சொல்வார், தொடங்கி வைத்தவர் நீங்களாக இருப்பீர்கள்.

புண்படுத்தியவர் நீங்கள் என்றால்

"மன்னிச்சிடு" என்று ஹாஸ்டலில் யாரும் சொல்வதில்லை. சினிமா வசனம் போல இருக்கும். "சாரி"யோ பஸ்ஸில் கால் மிதித்தாலும் சொல்கிற வார்த்தை, எடை போதாது. அதனால் வார்த்தையைத் தேடாமல் செய்ததைச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் மன்னிப்புக் கேட்பதை ஆறு பாகங்களாகப் பிரித்துச் சோதித்தார்கள்: வருத்தம், விளக்கம், பொறுப்பேற்பு, இனிச் செய்யமாட்டேன் என்பது, சரிசெய்யும் முயற்சி, மன்னிக்கும்படி கேட்பது. அதிக எடை பொறுப்பேற்புக்கு, அடுத்து சரிசெய்வதற்கு. "மன்னிச்சிடு" என்று கேட்கும் கடைசிப் பாகம்தான் இருப்பதிலேயே லேசானது. நாம் பெரும்பாலும் அதை மட்டும்தான் செய்கிறோம்.

ஹாஸ்டலுக்குத் தோதான அளவு நாலு வாக்கியம், அரை நிமிடம்:

"நேத்து மெஸ்ல எல்லார் முன்னாடியும் நீ பேசுற மாதிரி நடிச்சுக் காட்டினேன். அது என் தப்பு. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன். குரூப்ல போட்ட வீடியோவை நான் எடுத்துட்டேன், மத்தவங்ககிட்டயும் அழிக்கச் சொல்றேன்."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே பதில் வராது. அந்த மௌனம் தாங்காமல்தான் பலரும் ஐந்தாவது வாக்கியமாக ஒரு ஜோக்கை விட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். பத்து விநாடி சும்மா நில்லுங்கள். "சரி, நீ யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இடம், நேரம் முக்கியம். அன்று இரவோ மறுநாளோ, சாப்பாட்டுக்குப் பிறகு, டீக்கடைக்கு நடக்கும்போதோ மொட்டை மாடியிலோ. பக்கவாட்டில் நடந்துகொண்டே பேசினால் முகம் பார்க்கும் சங்கடம் குறையும். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவு வேண்டாம். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் ஆகிவிடும். ஆனால் அவமானம் குரூப்பில் நடந்திருந்தால் ஒரு வரியாவது குரூப்பிலும் போட வேண்டும். சபையில் சொன்னதைத் தனியாகத் திரும்பப் பெற முடியாது.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் இலக்கணத்தில். "புண்பட்டிருந்தா சாரி" என்பதில் அந்த "-தா" எல்லாவற்றையும் சந்தேகமாக்கிவிடுகிறது. "சாரிதான், ஆனா நீயும்..." என்றால் ஆனாவுக்கு முன்னால் சொன்னது அழிந்துபோகும். "சாரி சொல்லிட்டேன்ல, இன்னும் என்ன?" என்பது கடன் வசூல். இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம்: பேசாமல் பரோட்டா வாங்கிக் கொடுத்து ராசியாவது. பரோட்டாவில் தப்பில்லை, பேசிய பிறகு வாங்கிக் கொடுங்கள். முன்னால் வாங்கினால் அவர் சாப்பிட்டுவிட்டு அதே கோபத்தோடு இருப்பார், நீங்கள் தீர்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

தூது அனுப்புவதும் அப்படித்தான். மூன்றாவது ரூம்மேட் செய்யக்கூடிய உதவி ஒன்றே ஒன்று: "ஒன்பது மணிக்கு மாடிக்கு வா, அவன் பேசணுமாம்" என்று சொல்வது. செய்தியைச் சுமந்து போனால் அவர் குரலும் அதில் கலந்துவிடும்.

புண்பட்டவர் நீங்கள் என்றால்

"பரவால்ல விடுடி" என்பது வாயில் தானாக வரும். வரட்டும், ஆனால் அதை மன்னிப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மன்னிப்பு ஆய்வில் பல்லாண்டு உழைத்த எவரெட் வொர்திங்டன் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறார்: பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளே கோபம் தணிவது இன்னொன்று. முதலாவதை ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். இரண்டாவது தன் வேகத்தில்தான் வரும். ரீச் எனப்படும் அவருடைய ஐந்து படி முறையை ஏறத்தாழ 3 மணி நேரப் பயிற்சிப் புத்தகமாக்கிக் கொலம்பியா, ஹாங்காங், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2024இல் வெளியானது. மனத்தாங்கல் குறைந்ததோடு மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்திருந்தன. ஹாஸ்டல் வாழ்க்கைக்கு அதன் முதல் நாலு படிகளை நாலு இரவாக, இரவுக்கு 20 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். காகிதம், பேனா போதும். லைப்ரரியில் உட்காருங்கள், அவர் அதே அறையில் இருந்தால் எழுத வராது.

முதல் இரவு, நடந்ததை மட்டும் பத்து வரிக்குள் எழுதுங்கள். என்ன சொன்னார், யார் இருந்தார்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று. "வேணும்னே", "எப்பவுமே" என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் தடை. அவை வந்ததும் எழுத்து வழக்காடத் தொடங்கிவிடும்.

இரண்டாம் இரவு அவர் இடத்திலிருந்து ஒரு கடிதம், அவர் உங்களுக்கு எழுதுவது போல. கஷ்டமான படி இதுதான். அவர் செய்தது சரி என்று காட்டுவது நோக்கமில்லை. எந்தப் பயத்தில், யாரைச் சிரிக்கவைக்க அப்படிச் செய்தார் என்று பார்ப்பது. ஐந்து வரிக்கு மேல் வராவிட்டால் விடுங்கள், வற்புறுத்தினால் கோபம் கூடும். இரண்டு நாள் தள்ளி முயலலாம்.

மூன்றாம் இரவு, உங்களை யாரோ மன்னித்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். அம்மா, அண்ணன், பள்ளித் தோழி, யாராக இருந்தாலும் சரி. மன்னிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை, கொடுத்தால் அது கொடை என்பதை உணர்வதற்கு இந்தப் படி.

நாலாம் இரவு, "இதற்குப் பதிலுக்குப் பதில் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்" என்று தேதி போட்டு எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஸ்டேட்டஸில் போடக்கூடாது. போட்டால் அது மன்னிப்பு இல்லை, குத்தல்.

ஐந்தாவது படி தக்கவைத்தல், அதற்கு இரவுக் கணக்கு கிடையாது. பத்து நாள் கழித்து மெஸ்ஸில் அவர் தட்டோடு எதிரே வரும்போது வயிறு சுருங்கும். மன்னித்தது வீணாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உடம்புக்கு நினைவு இருக்கிறது, அவ்வளவுதான். சீட்டை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

மன்னித்தால் மறுபடி நண்பராக வேண்டும், பைக் சாவி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. செய்த தப்பை ஈடுகட்டாதவரைத் திரும்பத் திரும்ப மன்னிப்பவருக்குச் சுயமதிப்பு குறைகிறது என்பதைத் தம்பதியரிடையே நடந்த 2010 ஆய்வு ஒன்று காட்டியது. ரூம்மேட்டுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. மூன்றாவது தடவை அதையே செய்தால் வார்டனிடம் அறை மாற்றம் கேளுங்கள், கோபமே இல்லாமல்.

சீனியரின் ராகிங், சாதி வசவு, பாலியல் சீண்டல், அடி, பணம் பிடுங்குதல் இவையெல்லாம் இந்த நாலு இரவுக் கணக்கில் வராது. முதலில் புகார். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். நாடு முழுவதுக்குமான ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. மன்னிப்பதா என்பதைப் புகார் கொடுத்த பிறகு சாவகாசமாக யோசிக்கலாம்.

சிரிக்கக்கூடாத ஜோக்

"செத்துடலாம்டா" என்பது பரீட்சை காலத்தில் தும்மல் மாதிரி எல்லார் வாயிலும் வரும். ஒருவர் வாயில் மட்டும் அது வாரக்கணக்கில் வந்து, கூடவே தூக்கம் கெட்டு, மெஸ்ஸுக்கு வராமல், பிரியமான பொருட்களை மற்றவருக்குக் கொடுக்கவும் தொடங்கினால் சிரித்துக் கடக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "நிஜமாவே சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அறிவுரை வேண்டாம், அப்பா அம்மாவை நினைத்துப் பார் என்ற பேச்சும் வேண்டாம். அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள், வார்டனுக்குச் சொல்லுங்கள், 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வாக்கை மீறிவிடுங்கள்.

ஜோக் எப்போது திரும்பலாம்

அது புண்பட்டவர் கையில் இருக்கிறது. நடந்ததைப் பற்றிய முதல் ஜோக்கை அவர்தான் அடிக்க வேண்டும். அதற்குள் நீங்கள் வேறு விஷயங்களில் சிரிக்க வைக்கலாம்: மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடுவது, காலை எட்டு மணி லேப். பழைய சம்பவத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு செமஸ்டரும் ஆகலாம்.

அவர் முகத்தை வைத்துச் செய்த வாட்ஸ்அப் ஸ்டிக்கர் இருந்தால் உங்கள் போனிலிருந்து நீக்குங்கள். குரூப்பில் மற்றவர்கள் சேமித்து வைத்திருப்பார்கள், அதை உங்களால் அழிக்க முடியாது. அனுப்பாதீர்கள் என்று கேட்கத்தான் முடியும், கேளுங்கள். பிறகு ஒருநாள் இன்டர்னல் மார்க் வந்த ராத்திரியில் அதே ஸ்டிக்கரை அவரே குரூப்பில் போடுவார். அன்றைக்கும் நீங்கள் முதலில் சிரிக்க வேண்டாம், அவர் அடுத்த மெசேஜ் அனுப்பும்வரை பொறுங்கள்.