பிரெய்டு நூலையும் லீடரையும் இணைத்த விதம்

பாரை மீனுக்குத் தூண்டில் வீசும்போது, பிரெய்டு என்ற பின்னல் நூலும், தூண்டில் முள் பக்கம் அதனுடன் இணைக்கும் லீடர் நரம்பும் சேரும் முடிச்சு, ராடின் (தூண்டில் கோலின்) வளையங்களில் தட்டுவதும், பெரிய மீன் இழுத்தால் உருவிக்கொள்வதும் எனக்குத் தீராத தொல்லையாக இருந்தன. பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய பிரெய்டு வழுக்கும் தன்மையுடையது என்பதால், பல முடிச்சுகள் அதில் பிடித்து நிற்பதில்லை. எஃப்.ஜி. (FG) என்ற இணைப்பு முடிச்சுக்கு மாறிய பிறகே இது தீர்ந்தது. லீடரை மடிக்காமல், விறைப்பாகப் பிடித்த பிரெய்டை அதன்மேல் மாற்றி மாற்றிச் சுமார் 20 சுற்றுகள் சுற்றி, அரைமுடிச்சுகளால் பூட்டி, நனைத்து, கையுறை அணிந்து பலமாக இழுக்க வேண்டும். அப்போது சுற்றுகள் நரம்பில் பதிந்து, பிரெய்டின் நிறம் சற்றுக் கருத்துத் தெரியும். கருக்காவிட்டால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதே நல்லது. பிறகு லீடரின் நுனியை ஒட்ட நறுக்கி, அதற்கு மேல் பிரெய்டிலேயே சில அரைமுடிச்சுகள் போடுகிறேன். முடிச்சு வளையங்களுக்குள் தட்டாமல் ஓடுகிறது.