பீர்க்கம் பிஞ்சின் உதிர்வும் பூ மலரும் நேரமும்

பங்குனிக் கடைசியில் மாடித் தோட்டத்துப் பீர்க்கங்கொடி பந்தல் முழுவதும் படர்ந்து பூத்திருந்தது; ஆனால் விரல் நீளப் பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கி, தொட்டாலே கழன்று விழுந்தன. வெயிலின் கடுமை என்று எண்ணி நிழல்வலை கட்டினேன், இருவேளையும் நீர் ஊற்றினேன், பலனில்லை. பழ ஈயை ஐயுற்று வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். உதிர்ந்த பிஞ்சுகளைப் பிளந்து பார்த்தபோதோ உள்ளே புழுவும் இல்லை, தோலில் ஈ குத்திய தடமும் இல்லை. மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த உரமான மீன் அமிலம் விட்டதில் இலைகள்தாம் செழித்தன.

மகரந்தம் சேராததே காரணம் என்று கருதி, பூசணிக்குச் செய்வதுபோலக் காலையில் ஆண் பூவைப் பெண் பூவில் தடவியும் உதிர்வு நிற்கவில்லை. அந்நேரத்தில் பூக்கள் சுருண்டு கிடந்ததையும், மகரந்தத் தூள் விரலில் ஒட்டாததையும் கவனித்த பிறகே விடை கிடைத்தது: பூசணி விடியலில் மலரும், பீர்க்கு மாலையில் மலரும், அதை நாடி வருபவை பெரும்பாலும் அந்திப் பூச்சிகள்.

பொழுது சாயும் வேளையில், கொத்தாகப் பூக்கும் ஆண் பூக்களில் அப்போதுதான் விரிந்த ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் பிஞ்சுடன் தனித்து நிற்கும் பெண் பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி தடவினேன். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணிக்கொள்கிறது. அடையாளத்துக்கு நூல் கட்டிய பிஞ்சுகள் பச்சை மாறாமல் நீண்டன. அந்திப் பூச்சிகள் தடையின்றி வரட்டும் என்று இப்போது அந்தியில் மருந்து தெளிப்பதையும் விட்டுவிட்டேன்.