வால்வுக்குக் கதீட்டர் சிகிச்சை: நுரையீரல் அழுத்தம் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் சுருக்கத்துக்குக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியே பலூன் சிகிச்சை செய்துகொள்ளவோ, வால்வுக் கசிவுக்கு அதன் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் பொருத்திக்கொள்ளவோ மதுரைக்கு வருகிறவர்களில் பலருடைய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில், நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகவும் கூடியிருக்கிறது என்ற வரி இருக்கும். அதைக் கேட்டவுடன் ‘இனி எதுவும் செய்ய முடியாது போலும்’ என்று ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. வால்வை விட்டுவிட்டு நுரையீரலுக்கு மட்டும் மாத்திரை தேடுகிறவர்களும் உண்டு. அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதால்தான் இந்த இரண்டு தவறுகளும் நேர்கின்றன.

மடை அடைபட்டால் கண்மாயில் நீர் ஏறுவதைப் போல, மைட்ரல் வால்வு சுருங்கினாலோ கசிந்தாலோ இடது மேலறையில் அழுத்தம் ஏறி, அது நுரையீரல் சிரைகள் வழியாகப் பின்னோக்கித் தமனி வரை எட்டுகிறது. இப்போதைய வரையறைப்படி, கதீட்டர் கொண்டு அளக்கும் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அது நுரையீரல் உயர் அழுத்தம். இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைக் காட்டும் ‘வெட்ஜ்’ அளவு 15-ஐத் தாண்டியிருந்தால் காரணம் இடப்பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நுரையீரல் நாளங்களின் எதிர்ப்பும் 2 வுட் அலகுக்கு மேல் சென்றிருந்தால், நெடுநாள் அழுத்தத்தால் அந்த நாளங்களும் இறுகத் தொடங்கிவிட்டன என்று கொள்ள வேண்டும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் இவற்றில் எதையும் காட்டாது.

ஆகவே முதல் தவறு, அழுத்தம் கூடியிருக்கிறது என்பதற்காகவே சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் ஏற்பட்ட கடுமையான மைட்ரல் சுருக்கத்தில், மூச்சிரைப்பு இல்லாதவருக்கும் நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தம் 50-ஐத் தாண்டியிருந்தால், வால்வின் அமைப்பு இடம் தரும்போது பலூன் சிகிச்சையைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே நடைமுறை. ஜப்பானிய மருத்துவர் கன்ஜி இனோவே 1984-இல் வெளியிட்ட இந்த முறையில் வால்வு விரிந்தவுடன் மேலறை அழுத்தம் மேசையிலேயே இறங்கும். நாளங்களின் இறுக்கத்தால் வந்த பங்கு குறைய வாரங்களோ மாதங்களோ ஆகும். கிளிப் சிகிச்சையில் கணக்கு சற்று வேறு. கிளிப் சிகிச்சையைச் சோதித்து 2018-இல் வெளியான கோஆப்ட் ஆய்வில், உச்ச அழுத்தம் 70-ஐத் தாண்டியவர்களை, மருந்து கொடுத்து நாள எதிர்ப்பு போதிய அளவு இறங்கினால் மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். அழுத்தம் கூடியவர்களுக்கு விளைவு மற்றவர்களைவிட மோசமாக இருந்தாலும், கிளிப்பின் பயன் அவர்களுக்கும் கிடைத்தது.

இரண்டாவது தவறு, எக்கோ தரும் எண்ணை அளந்த எண்ணாக எடுத்துக்கொள்வது. அது ஒரு மதிப்பீடு. வலப்பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தம் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி 64 என்று கொண்டு, வலது மேலறைக்கு 10 சேர்த்து 74 என்று எழுதுவார்கள். அது உச்ச அழுத்தம்; கதீட்டர் அறையில் சொல்வது பெரும்பாலும் சராசரி. முன்னதில் 74, பின்னதில் 45 என்றால் நோய் பாதி குணமாகிவிட்டது என்று பொருளில்லை. வலப்பக்கக் கசிவு மிகக் கடுமையாக இருந்தால் இந்தச் சூத்திரம் உண்மையைவிடக் குறைத்தும் காட்டும்.

அளவு எடுத்த நாளின் நிலையும் முக்கியம். கமுதியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ விடிகாலைப் பேருந்தில் கிளம்புகிறவர்கள், வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று அஞ்சி, நீர் மாத்திரையை அன்று விட்டுவிடுவது இயல்புதான், குறிப்பாகப் பெண்கள். ஆனால் ஓரிரு நாள் மாத்திரை விட்டு, வழியில் ஊறுகாயும் கருவாடுமாகச் சாப்பிட்டு வந்தால் அழுத்தம் கூடுதலாகவே தெரியும். மாறாக, அளவுக்கு மீறி நீரிறக்கியிருந்தால் வெட்ஜ் அளவு 15-க்குக் கீழே விழுந்து, இடப்பக்க நோயே இல்லை என்று தோன்றச் செய்யும். காய்ச்சல், இரத்தசோகை, படபடப்பு ஆகியவையும் எண்ணை ஏற்றும். மாத்திரை விட்டதைத் திட்டு விழுமோ என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு அறிவது மருத்துவரின் பொறுப்பும்கூட.

மூன்றாவது தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: நுரையீரல் அழுத்தத்துக்கென்று தனியே மாத்திரை எடுப்பது. நுரையீரல் நாளங்களை விரிக்கும் சில்டெனாஃபில் போன்ற மருந்துகள், நாளங்களிலேயே தோன்றும் வேறு வகை நோய்க்கானவை. இடப்பக்கம் அடைபட்டிருக்கும்போது நாளங்களை விரித்தால், கூடுதலாக வரும் இரத்தம் போக வழியின்றி நுரையீரலில் நீர் கோத்துவிடக்கூடும். வால்வைச் சரிசெய்த பிறகும் அழுத்தம் குறையாத 200 பேரிடம் ஸ்பெயினில் நடந்த சியோவாக் ஆய்வு, 2018-இல் வெளியானது. ஆறு மாதம் சில்டெனாஃபில் எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமான நிலைக்குப் போனார்கள். உறவினர் ஒருவருக்கு இதே மாத்திரை நன்றாக வேலை செய்தது என்று கேட்டு அதை வாங்கித் தரக்கூடாது. அவருடைய நோய் வேறாக இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லாவற்றையும் வால்வின் தலையில் கட்டுவது. பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்ணுக்கு நுரையீரல் நோயும் சேர்ந்திருக்கலாம்; நுரையீரல் நாளங்களில் பழைய இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். வால்வின் பாதிப்புக்குப் பொருந்தாத அளவு அழுத்தம் இருந்தால், மூச்சுத்திறன் சோதனையும் கட்டிக்கான ஸ்கேனும் சிகிச்சைக்கு முன்பே செய்யப்பட வேண்டும். வால்வு நோயின் இரைப்பை ‘வீசிங்’ என்று இன்ஹேலரில் காலம் கடத்துவதும் இதனோடு சேர்ந்ததே.

வரன் தேடும்போது வால்வு நோயை மறைப்பது பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவுற்றபின் உடலில் இரத்த அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுவதால், அதுவரை தாக்குப்பிடித்த பெண்ணுக்கு நான்காம் ஐந்தாம் மாதத்தில் மூச்சு முட்டத் தொடங்கும். பிரசவம் முடிந்த உடனான நாட்களும் அபாயமானவை. பலூன் சிகிச்சையைக் கர்ப்பத்தின்போதும் தேவைப்பட்டால் செய்யலாம் என்றாலும், கருவுறுவதற்கு முன் செய்வதே மேல்.

சிகிச்சை மேசையில் நடப்பது பெரும்பாலும் மருத்துவர்களின் கவனத்துக்குரியது: மயக்க மருந்து மிகுந்து மூச்சு மந்தமாகி, கரியமில வாயு தேங்கினால் நுரையீரல் அழுத்தம் சட்டென்று ஏறும். இரவில் மல்லாந்து படுக்க முடியாது என்றால் நோயாளி அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீடு திரும்பியபின் மூச்சு இலகுவானதும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்திவிடுவது இங்கே பரவலாகக் காணும் தவறு. பலூன் வால்வை விரிக்குமே தவிர, ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வராமல் தடுக்காது. பலருக்கு 40 வயது வரை, சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஊசி தேவைப்படும். மாதங்கள் கழிந்தும் அழுத்தம் இறங்காவிட்டால் வால்வு மீண்டும் சுருங்கியதா, கசிகிறதா, கிளிப் வழியை இறுக்கி வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாட்டை 5-க்கு மேல் வைத்திருக்கிறதா, இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையிலான சுவரில் கதீட்டர் நுழைந்த துளை மூடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய எக்கோ அறிக்கைகள் எல்லாவற்றையும், கதீட்டர் அறையில் அளந்த எண்கள் உள்ள வெளியேற்றச் சீட்டையும் ஒரே உறையில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்து வருவது பெரிதும் உதவும்.