விரைவுப் படகில் நெடும்பயணம்: புதுச்சேரி, கடலூர்க் கரையில் உயர் ஆக்டேன் பெட்ரோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தேங்காய்த்திட்டு துறைமுகமும் கடலூர் முதுநகர்த் துறைமுகமும் டீசலில் ஓடும் மீன்பிடிப் படகுகளுக்காக அமைந்தவை. படகின் பின்புறம் வெளியே மாட்டும் பெட்ரோல் இயந்திரம் (அவுட்போர்டு) பூட்டிய விரைவுப் படகுக்கு வேண்டிய உயர் ஆக்டேன் பெட்ரோலை, அதாவது இயந்திரத்துக்குள் தாறுமாறாக வெடிக்காமல் தாங்கும் திறன் கூடிய பெட்ரோலை, சாலையோரப் பங்க்குகளில்தான் தேட வேண்டும். ஆகவே புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கோ (கடல்வழி சுமார் 60 கடல் மைல்) சென்னைக்கோ (சுமார் 78 கடல் மைல்) செல்ல விரும்புவோர், எந்தப் பெட்ரோல், எவ்வளவு, எங்கே என்ற மூன்றையும் கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் இயந்திரத்தின் கையேட்டைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கு அச்சான கையேடுகளில் உள்ள எண், ரிசர்ச், மோட்டார் என்ற இரு ஆக்டேன் அளவைகளின் சராசரி. நம் பங்க்குகளில் எழுதியிருப்பதோ ரிசர்ச் எண் மட்டுமே. அங்கே 87 என்பது ஏறக்குறைய இங்குள்ள 91-க்குச் சமம். 89 என்பது 93 அல்லது 94-க்கும், 91 என்பது 95 அல்லது 96-க்கும் நிகராகும். கையேட்டில் 89 என்றிருப்பதைக் கண்டு, ரிசர்ச் எண் 91 அதைவிட உயர்ந்ததுதானே என்று நிரப்பினால், அழுத்தம் மிகுந்த இயந்திரத்தில் முழு வேகத்தின்போது நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) ஏற்பட்டுப் பிஸ்டன் பழுதாகலாம். 87 போதும் என்ற இயந்திரத்துக்கு அதைவிட உயர்ந்த ஆக்டேன் வாங்குவதால் வேகமும் கூடாது, சிக்கனமும் வராது.

ஆக்டேன் எண்ணைவிட நான் அதிகம் கவலைப்படுவது எத்தனாலைப் பற்றித்தான். பெரும்பாலான அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் 10 சதவீத எத்தனாலையே உச்ச வரம்பாக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் இப்போது பரவலாக விற்கப்படுவது 20 சதவீதம் கலந்த பெட்ரோல். எத்தனாலே ஆக்டேனை உயர்த்தும் பொருள் என்பதால், 95 என்ற எண்ணைக் கண்டு அதில் எத்தனால் குறைவு என்று கருத முடியாது. படகின் டேங்க் காற்றோட்டத் துளை வழியாகக் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து, எரிபொருளை உறிஞ்சும் குழாய் இருக்கும் அடிப்பகுதியில் தங்கிவிடும். அப்போது மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய தரம் டேங்க்கிலேயே கரைந்துபோவது இப்படித்தான்.

இதைச் சோதிப்பது எளிது. 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கிச் சற்றுநேரம் நிற்க விடுங்கள். அடியில் நீர்மட்டம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 20-ஐ நெருங்கினால் சுமார் 10 சதவீதம். 28-ஐ நெருங்கினால் சுமார் 20 சதவீதம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 10 நகரங்களில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோலைப் பலர் வேகத்துக்காகத் தேடுகிறார்கள். எத்தனால் கலவாத பெட்ரோல் வேண்டும் என்பதே படகுக்காரர் அதைத் தேடுவதற்குச் சரியான காரணம் என்பது என் கருத்து. அது பெருநகரங்களில் குறிப்பிட்ட சில பங்க்குகளில்தான் கிடைக்கும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, வாங்கும்போது இச்சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

வரி வேறுபாட்டால் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் விலையைவிட விற்பனை வேகத்தைப் பாருங்கள். உயர் ஆக்டேன் பெட்ரோல் மெதுவாக விற்கும் பங்க்கில் சரக்கு நாள்பட்டதாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிலத்தடித் தொட்டியில் நீர் புகுந்திருக்கவும் வாய்ப்புண்டு. அடர்த்திச் சோதனையும் வடிதாள் சோதனையும் செய்து காட்டுமாறு கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆக்டேன் பூஸ்டர் புட்டிகளை நம்ப வேண்டாம். விமானப் பெட்ரோலும் வேண்டாம்; அதிலுள்ள ஈயம் இயந்திரத்தின் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

அளவைக் கணக்கிடும்போது, 200 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு 60 முதல் 75 லிட்டர் குடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மிதமான வேகத்தில் உங்கள் படகு கடல் மைலுக்கு 1.7 லிட்டர் எடுக்கிறது என்று கொண்டால், காரைக்காலுக்கு 102 லிட்டர் வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பாக நிற்க, 153 லிட்டருடன் புறப்பட வேண்டும். 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 75 கிலோ எடை இருக்கும். அந்தச் சுமையோடு முழு த்ராட்டிலில் இயந்திரம் கையேடு சொல்லும் சுழற்சியை எட்டாவிட்டால், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லரை மாட்டுங்கள். திணறி ஓடும் இயந்திரத்தில் நல்ல பெட்ரோலிலும் நாக்கிங் வரும்.

மீதியைக் கேன்களில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 1934 பெட்ரோலியச் சட்டப்படி, உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் பொதுவாக 30 லிட்டர் மட்டுமே; இயந்திர ஊர்தியின் உரிமையாளர் அதன் ஓட்டத்துக்காக டேங்க்குக்கு வெளியே 100 லிட்டர் வரை வைத்திருக்கலாம். உலோகக் கலம் ஒன்றின் கொள்ளளவு 25 லிட்டரைத் தாண்டக்கூடாது. எனவே, படகை ட்ரெய்லரோடு பங்க்குக்கே கொண்டுபோய் டேங்க்கை நிரப்புவதும், கடலில் ஒருவழி மட்டும் சென்று, சாலைவழியே ட்ரெய்லரைப் போய்ச் சேரும் கரைக்கு வரவழைப்பதுமே நான் பரிந்துரைக்கும் முறை. கேனில் பிடிப்பதானால் அதை வாகனத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாசில் கலத்தைத் தொட்டபடி மெதுவாக நிரப்புங்கள். நிலைமின்பொறிக்கு அதுவே தடை. டேங்க்கில் வெயிலுக்குப் பெட்ரோல் விரிவடைய 5 முதல் 10 சதவீத இடம் விடுங்கள்.

கயிற்றை அவிழ்க்கும் முன், நீர்பிரிக்கும் ஃபில்டரிலிருந்து சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால், அன்று பயணத்தைத் தள்ளிவைத்து, டேங்க்கை முழுதும் வடித்துப் புதிய பெட்ரோல் நிரப்புங்கள்.