ஃபிலிம் சுருளை அஞ்சலில் அனுப்பும்போது

இன்னும் படம் எடுக்காத ஃபிலிம் சுருளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு ஒளியுணர்வு கொண்டது என்பதைக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணைத்தான். விமானத்தில் செல்லும் பொதிகள் எக்ஸ்ரே சோதனைக்கு உட்படுத்தப்படலாம் என்பதாலும், எண் உயர உயரச் சுருள் எளிதில் புகைபடிந்ததுபோல் மங்கிவிடும் என்பதாலும், 800க்கு மேற்பட்டவற்றை, குறிப்பாக 3200 வகையை, அஞ்சலில் சேர்க்காமல், பயணம் போகும் தெரிந்தவரிடம் கொடுத்து, விமான நிலையத்தில் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்வதே நல்லது. எக்ஸ்ரேயைத் தடுக்கவென்று பயன்படுத்தும் ஈயப் பைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் மீண்டும் சோதிக்கவே தோன்றும். சுங்கப் படிவத்தில் ‘பயன்படுத்தாத புகைப்பட ஃபிலிம், எக்ஸ்ரே வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். அது வேண்டுகோள்தானே தவிர உத்தரவாதமன்று.

அடுத்தது நம் சிங்கப்பூரின் வெக்கையும் ஈரப்பதமும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சுருளை, உறையையோ டப்பாவையோ திறக்காமல், சில மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, மேலே நீர் முத்துகள் இல்லை என்று பார்த்த பிறகே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் ஜிப் பையில் இட்டுப் பெட்டியில் அடைக்க வேண்டும். உள்ளூரில் அனுப்பும்போது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கடிதப்பெட்டியில் வார இறுதி முழுவதும் கிடக்காதபடி, திங்கள் அல்லது செவ்வாயன்று, கண்காணிப்பு எண்ணுடன் வீட்டு வாசலில் ஒப்படைக்கும் சேவையில் அனுப்புங்கள்.