தாவர எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பை அகச்சிவப்பு நிறமாலையால் அளவிடும் முறை

டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன; அவை பிணைப்பின் தளத்துக்கு வெளியே அசையும் அதிர்வு, சென்டிமீட்டருக்கு 966 என்ற அலை எண்ணருகே அகச்சிவப்புக் கதிரை உட்கவர்கிறது. ஹைட்ரஜன்கள் ஒரே பக்கத்தில் உள்ள சிஸ் பிணைப்புக்கு அங்கே அத்தகைய உட்கவர் பட்டை இல்லை. அளவீடு முழுவதும் இந்த வேறுபாட்டையே சார்ந்தது.

ஃபூரியே மாற்ற அகச்சிவப்புக் கருவியில், 65 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்திய முழு அக எதிரொளிப்புப் படிகத்தை (கதிர் உள்ளே எதிரொளித்து, மேலே இட்ட மாதிரியை உணரும் படிகம்) துடைத்து, முதலில் வெற்றுப் படிகத்தின் பின்னணி நிறமாலையைப் பதிவு செய்யுங்கள். பின்னர், முழுமையாக உருக்கிக் கலக்கிய எண்ணெயைப் படிகப் பரப்பு மூடும் அளவுக்கு இட்டு, மாதிரியின் நிறமாலையைப் பெறுங்கள். கரைப்பானும், கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்றும் தயாரிப்பும் தேவைப்படாதது இம்முறையின் பெரிய வசதி.

டிரான்ஸ் பிணைப்பு இல்லாத ஒரு தூய கொழுப்புடன் இரட்டைப் பிணைப்புகள் அனைத்தும் டிரான்ஸாக உள்ள டிரைஎலெய்டின் என்ற கொழுப்பை வெவ்வேறு எடை விகிதங்களில் கலந்து, பட்டையின் அளவை டிரான்ஸ் அளவாக மாற்ற உதவும் அளவுத்திருத்தக் கோடு வரையப்படுகிறது. குறைந்த அளவுகளில்தான் உண்மையான சிக்கல் எழுகிறது: அடிக்கோடு சாய்ந்திருப்பதால் பட்டையின் எல்லையை எங்கே வைப்பது என்பது அளப்பவரின் கணிப்பைப் பொறுத்ததாகி விடுகிறது. ஆகவே நிறமாலையின் இரண்டாம் வகைக்கெழுவை (கோட்டின் சாய்வு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை) கணக்கிட்டுக் குறி மாற்றி, 966 அருகே எழும் கூர்முகட்டின் உயரத்தை அளப்பதே நம்பத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெய்களில் 960க்குச் சற்றுக் கீழே தோன்றும் சிறு முகட்டை டிரான்ஸ் என்று எண்ணிவிடக் கூடாது. இணைவுற்ற (இடையில் ஓர் ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள) இரட்டைப் பிணைப்புகளோ 985 அருகே குறுக்கிடுகின்றன. ஐயம் எழுந்தால் கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகை முறையால் சரிபார்க்கவும்.